ஐயப்பனின் சுண்டுவிரல்

தம்மாமில் மணிமாறன் என்று விசாரித்தால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘விரல் மணி’ என்று கேட்டுப் பாருங்கள், சீக்கோ கடைத்தெருப் பக்கம் டீக்கடையில் நிற்பவர்கூட கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வழி சொல்வார். பெயரைக் கேட்டதும் ஏதோ பிக்பாக்கெட் ஆசாமி என்று நினைத்துவிட வேண்டாம். அரியலூர் மாவட்டத்துக்காரன், ஷட்டரிங் வேலை. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் பலகை அடித்து அச்சு கட்டுகிற அந்த வேலையைப் பதினாறு வருடமாகச் சவூதியில் செய்துகொண்டிருக்கிறான்.

வளைகுடாவில் மனிதனுக்கு முகம் அப்புறம்தான், முதலில் விரல். காலையில் சைட்டுக்குள் நுழைய விரல், சிம் கார்டு வாங்க விரல், ஊருக்குக் கிளம்பும்போது விமான நிலையத்திலும் விரல். பத்து வருடம் சிமெண்ட் பிசைந்தவனின் விரலில் ரேகை எங்கே இருக்கும்? சிமெண்ட் அதைத் தின்று ஏப்பம் விட்டிருக்கும். மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டி, நீ யாரோ எவரோ என்று கையை விரித்துவிடும். அந்த மாதிரி நேரத்தில் மணிமாறனைக் கூப்பிடுவார்கள். தூதரகத்துத் தொண்டர்கள் கூப்பிட்டாலும் சரி, ஆஸ்பத்திரிக்காரர்கள் கூப்பிட்டாலும் சரி, டூட்டி முடிந்த கையோடு அழுக்குச் சட்டையுடன் வந்து நிற்பான். இந்தப் பட்டப்பெயர் அவனுக்கு வந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால், சொந்தப் பெயரையே இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு முழி பிதுங்கிய பத்துப் பதினோரு நாளில்.

அந்தப் பெயரை வாங்கியவர் ஐயப்பன். கள்ளக்குறிச்சிப் பக்கம், பூச்சு வேலைக் கொத்தனார், மணிமாறனைவிட ஐந்து வயது மூத்தவர். எட்டுப் பேர் தங்கிய ரூமில் மணிமாறனின் கட்டிலுக்கு மேலடுக்கில் அவர் கட்டில். அவரை வரவழைத்த கஃபீல், அதாவது அவருடைய விசாவுக்குப் பொறுப்பான முதலாளி, ஒரு நாள் கம்பெனியை மூடிவிட்டுப் போனை அணைத்துவிட்டார். வயிற்றுப்பாட்டுக்கு ஐயப்பன் வேறு இடத்தில் பூசப் போனார். உடனே அவரை ‘ஓடிப்போனவன்’ என்று அரசாங்கத்தில் பதிந்தாகிவிட்டது. ஓடியது முதலாளி, பட்டம் கொத்தனாருக்கு! இதை ஹுரூப் என்பார்கள். ஹுரூப் விழுந்தவனின் இக்காமா வெறும் பிளாஸ்டிக். அங்கே தங்கவும் வேலை செய்யவும் வைத்தியம் பார்க்கவும் அந்த அட்டைதான் ஆதாரம், அது செத்தால் ஆள் இருந்தும் இல்லாத கணக்கு. நாலு வருடமாக ஐயப்பன் அப்படித்தான் இருந்தார். ஊருக்குப் போகவும் முடியவில்லை, தும்மல் வந்தாலும் பயம்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் மணிமாறன் டூட்டி முடித்து வந்தபோது அவர் கட்டிலிலிருந்து இறங்க முடியாமல் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் லேசாக ஒரு பக்கம் இழுத்திருந்தது.

“தலை சுத்துது மணி. படுத்தா சரியாப்பூடும்.”

“சரியாப்பூடாதுண்ணே. ஆஸ்பத்திரி போவலாம் வாங்க.”

“கார்டு கேப்பான். புடிச்சுக் குடுத்துருவான். வேணாம்.”

மணிமாறன் தன் பர்ஸிலிருந்து இக்காமாவை எடுத்து அவர் சட்டைப் பையில் செருகினான். “என் கார்டுல போங்க. ஊசி போட்டு ரெண்டு மணி நேரத்துல அனுப்பிடப் போறாங்க.”

இதை ஏதோ பெரிய மோசடி என்று அவன் நினைக்கவே இல்லை. அந்த வட்டாரத்தில் காய்ச்சலுக்கும் பல்வலிக்கும் கார்டு இரவல் என்பது மழைக்குக் குடை இரவல் வாங்குகிற மாதிரி. இரண்டு பேருக்கும் மீசை இருக்கிறது, இரண்டு பேரும் கறுப்பு, கவுண்டரில் இருப்பவர் எண்ணைத் தட்டுவாரே தவிரப் படத்தைப் பார்க்க மாட்டார். அன்றைக்கும் அவர் பார்க்கவில்லை. ஆனால் ஊசி போட்டு அனுப்பவில்லை. ரத்த அழுத்தம் எங்கேயோ போயிருந்தது. படுக்க வைத்தார்கள். அரை மணி நேரத்தில் ஐயப்பனின் வலது கை விழுந்தது, பேச்சும் நின்றது. நர்ஸ் ஒருத்தி அவர் இடது மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டினாள். அதில் மணிமாறன் என்று அச்சடித்திருந்தது. தன் பெயர் இன்னொரு கையில் கிடப்பதைக் குனிந்து பார்த்தான். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

மறுநாள் மதியம் சைட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து போனை எடுத்தபோது ஊரிலிருந்து இருபத்தேழு அழைப்புகள். மனைவி நாகவள்ளியைக் கூப்பிட்டான். எடுத்தது அவள்தான். பின்னால் ஊரே அழுதுகொண்டிருந்தது.

“நாகா, என்னாச்சு?”

“யாருங்க பேசறது?”

“நான்தான்.”

“நான்தான்னா யாரு? அவரு பேச்சு மூச்சு இல்லாம ஆஸ்பத்திரில கெடக்குறாருன்னு நர்ஸம்மா போன் பண்ணி சொன்னாங்க. யாருடா நீ, எங்க வூட்டுக்காரரு போன வச்சிக்கிட்டு வெளையாடற?”

வீடியோவில் முகத்தைக் காட்டிய பிறகுதான் நம்பினாள். நம்பியதும் சிரித்தாள், பிறகு திட்டினாள், பிறகு நிஜமாகவே ஒரு பாட்டம் அழுதாள். ஆஸ்பத்திரியின் கணினியில் மணிமாறனின் கோப்பில் அவசரத்துக்கு என்று இருந்தது அவள் எண்தான். தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் நல்லெண்ணத்தில் கூப்பிட்டிருக்கிறாள். நடந்ததை மணிமாறன் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தான். இதை இப்படியே விட்டுவிடலாமா என்றும் யோசிப்பதாகச் சொன்னான். வெளியே சொன்னால் அவனுக்கு ஜெயில், ஐயப்பனுக்கும் ஜெயில். தேறி எழுந்து வந்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது.

நாகவள்ளி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “எழுந்து வரலைன்னா? செத்துட்டா, செத்தது நீங்கன்னுதானே எழுதுவாங்க? பொட்டி எந்த ஊருக்கு வரும்?”

மணிமாறன் சோற்றுப் பொட்டலத்தை மூடி வைத்தான்.

“காலையிலேருந்து நான் அழுதேனே, அது என் அழுவை இல்லீங்க. அந்த உமாராணி அக்கா அழுவ வேண்டியது. தன் புருசனுக்கு என்ன ஆச்சுன்னே தெரியாம அந்தக்கா இந்நேரம் சோறு பொங்கிக்கிட்டு இருக்கும். போங்க, போயி உண்மையைச் சொல்லுங்க. ஜெயில்ல போட்டா போடட்டும், நான் பாத்துக்கறேன்.”

பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றவள். தாலுகா ஆபீஸ் வாசலைக்கூட மிதித்ததில்லை. அவள் சொன்னதில் மறுபேச்சுக்கு இடமே இருக்கவில்லை.

அன்று சாயங்காலம் மணிமாறன் சீக்கோவின் பின்சந்தில் இருக்கும் செய்கு அலாவுதீனின் செல்போன் கடைக்குப் போனான். கீழக்கரைக்காரர், அறுபதை நெருங்குகிறவர். கடையில் அவர் செல்போன் விற்று யாரும் பார்த்ததில்லை, எப்போதும் யாருக்காவது ஆஸ்பத்திரிக்கோ தூதரகத்துக்கோ போன் பேசிக்கொண்டே இருப்பார். தூதரகம் கொடுத்த தொண்டர் அடையாளக் கடிதம் கல்லாவுக்கு மேல் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கும்பிடு போடுகிற மாதிரி இரண்டு கையையும் சேர்த்துத் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“அட கிறுக்கா! உசிருக்கு ஆபத்துன்னா கார்டே இல்லாம பாப்பாங்கடா இந்த நாட்டுல. ஒன்னைய எவன் கார்டு குடுக்கச் சொன்னான்?”

“தெரியாது பாய்.”

“தெரியாது. அதான் ஒங்க எல்லாருக்கும் நோய்.” போனை எடுத்தார். “ஒன் நம்பரை குரூப்புல போடுறேன். வாயத் தொறக்காத. நடக்குறத மட்டும் பாரு.”

அந்தக் குரூப்பைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தம்மாமில் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. தமிழ்ச் சங்கம் பொங்கல் விழா மேடையில் யார் நடுவில் உட்காருவது என்ற தகராறில் மூன்றாக உடைந்தது. மலையாளிகளுக்கு மாவட்டத்துக்கு ஒன்று இருக்கிறது. தெலுங்கு ஓட்டுநர்களுக்குத் தனி, இஸ்லாமிய நற்பணி மன்றங்கள் தனி. சாதாரண நாளில் ஒருவர் நோட்டீஸை இன்னொருவர் கிழிப்பார். ஆனால் ஒரு நோயாளியோ ஓர் உடலோ ஊருக்குப் போக வேண்டும் என்றால் எல்லாரும் இந்த ஒரே வாட்ஸப் குரூப்பில் வந்து சேர்ந்துவிடுவார்கள். நடத்துவது ஷியாமளா. எண்ணெய்க் கம்பெனி எஞ்சினியர் பத்மநாபனின் மனைவி, கோயம்புத்தூர்க்காரி. தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலிருந்து நடத்துவாள், பக்கத்தில் குழந்தைகள் ஆங்கிலத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். அவள் சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஓர் ஆளுக்கு ஒரு வேலை. முடித்ததும் ‘கலாஸ்’ என்று எழுதி, அடுத்து யார் என்று பெயர் சொல்ல வேண்டும். கலாஸ் என்றால் முடிந்தது. வணக்கம், வாழ்த்து, கும்பிடுகிற கை, ரோஜாப்பூ எதுவும் கூடாது. போட்டால் சங்கத் தலைவராக இருந்தாலும் வெளியே தள்ளிவிடுவாள். இரண்டு தலைவர்களைத் தள்ளியும் இருக்கிறாள்.

புதன்கிழமை காலை அலாவுதீன் மணிமாறனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நோயாளிகளின் குடும்ப விஷயங்களைக் கவனிக்கும் அதிகாரி ஆமிரா என்ற சவூதிப் பெண். கறுப்பு அங்கிக்கு மேல் வெள்ளைக் கோட்டு, முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மணிமாறன் நின்றபடி சொன்னதை அலாவுதீன் அரபியில் சொன்னார். அவள் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் கதவைச் சாத்தினாள். போலீஸைக் கூப்பிடப் போகிறாள் என்று மணிமாறன் கைகளைக் கட்டிக்கொண்டான்.

அவள் கேட்டது ஒன்றுதான். “அவருடைய உண்மையான பெயர் என்ன?”

சொன்னான். அவள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு எழுந்து வார்டுக்கு நடந்தாள், இவர்கள் பின்னால் ஓடினார்கள். ஐயப்பன் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தார். இரண்டு நாளாக டாக்டரும் நர்ஸும் மணிமாறன், மணிமாறன் என்று கூப்பிட்டும் கண்ணைத் திருப்பவில்லையாம். நினைவு அவ்வளவு தப்பிவிட்டது என்று கோப்பில் எழுதியிருந்தார்கள். ஆமிரா குனிந்து, “ஐயாப்பான்” என்றாள்.

அவர் முகம் திரும்பியது. அவளைப் பார்த்தார், பிறகு அவள் தோளுக்குப் பின்னால் நின்ற மணிமாறனைப் பார்த்தார். இடது கண்ணிலிருந்து மட்டும் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. ஒரு பெயருக்கு இவ்வளவு வலு இருக்கிறது என்று அதுவரை அவனுக்குத் தெரியாது. அதைத்தான் பர்ஸிலிருந்து எடுத்துச் செருகியிருக்கிறான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவன் வாழ்நாளில் பார்க்காதது. ஆமிரா உள்ளூர் தர்ம சங்கம் ஒன்றுக்குப் போன் செய்தாள். அவர்கள் அனுப்பிய வக்கீல் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பகல் முழுவதும் மணிமாறன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், பேரீச்சம்பழ டப்பா ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு. தானாக வந்து சொன்னவன் என்பதால் எழுதி வாங்கிக்கொண்டு, இன்னொரு தடவை என்றால் ஊருக்குத்தான் என்று எச்சரித்து விட்டார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. வெளியே வந்து போனைப் பார்த்தால் குரூப்பில் வரிசையாகக் கலாஸ். மலையாளி ஒருவர் தொழிலாளர் அலுவலகத்தில் ஹுரூப் பற்றிய மனுவைக் கொடுத்துவிட்டார், கலாஸ். தெலுங்கு ஓட்டுநர் ஒருவர் அதன் நகலை நாலு மணி நேரம் வண்டி ஓட்டி ரியாத்தில் தூதரகத்திலேயே சேர்த்துவிட்டார், கலாஸ். கள்ளக்குறிச்சியில் உமாராணி வீட்டுக்கு யாரோ ஆள் போய்ப் பக்குவமாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள், கலாஸ். ஆஸ்பத்திரிச் செலவை அந்தத் தர்ம சங்கமே ஏற்றுக்கொண்டது. நாகவள்ளிக்குப் போன் செய்த நர்ஸ் ஸ்வாதி, நாகர்கோவில் பெண், அடுத்த மாதம் எடுக்க வேண்டிய லீவை முன்னால் இழுத்து, ஐயப்பனுடன் விமானத்தில் தானே வருவதாக எழுதியிருந்தாள். அதற்கும் பின்னால் கலாஸ். படுத்தபடி போக ஆறு இருக்கைகளை மடக்கித் தர விமானக் கம்பெனி சம்மதித்தது. ஆனால் அடுத்த வியாழக்கிழமை மட்டும்தான், அதை விட்டால் மூன்று வாரம். டாக்டர்களோ இன்னும் மூன்று வாரம் இப்படியே கிடந்தால் நுரையீரலில் சளி கட்டி ஆள் தாங்க மாட்டார் என்றார்கள்.

மணிமாறன் ஸ்டேஷனுக்கு எதிரே பாலத்தடியில் நின்று இதையெல்லாம் படித்தான். அந்த நர்ஸைத் தவிர இவர்களில் ஒருவர்கூட ஐயப்பனைப் பார்த்ததில்லை. சாதி தெரியாது, சொந்தபந்தம் இல்லை, நல்லவரா கெட்டவரா என்று கேட்டவரும் இல்லை. ஊர் கூடித் தேர் இழுப்பதை அவன் சின்ன வயதில் பார்த்திருக்கிறான். அங்கே இழுப்பவனுக்குப் பக்கத்தில் இழுப்பவனின் முகமாவது தெரியும். இங்கே வடம் எங்கெங்கோ கிடக்கிறது, பிடித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமலே இழுக்கிறார்கள், தேரும் நகர்கிறது! அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான்.

தேர் செவ்வாய்க்கிழமை நின்றுவிட்டது.

ஐயப்பன்தான் ஐயப்பன் என்பதற்குக் கையில் ஒரு காகிதமும் இல்லை. பாஸ்போர்ட் காணாமல்போன கஃபீலிடம் இருந்தது, பழைய இக்காமா எந்த ரூமில் தொலைந்ததோ. மணிமாறன் சொல்கிறான் என்பதற்காகச் சர்க்கார் நம்புமா? ஏற்கெனவே ஒரு பொய்ப் பெயரைச் சொன்னவன்தானே. தூதரகம் அவசரப் பயணச் சான்று தர வேண்டும் என்றால் பெயர் உறுதியாக வேண்டும். அதற்கு இருந்த ஒரே சாட்சி, அவர் இந்த நாட்டுக்கு வந்தபோது அரசாங்கம் பதிந்து வைத்த கைரேகை. ஆமிரா விடாமல் கடிதம் எழுதி, குடியேற்ற அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியைக் கைரேகை மெஷினோடு வார்டுக்கே வரவழைத்துவிட்டாள். படுக்கைக்கு அலுவலகம் வருகிறது! அலாவுதீனே அதை முதல் தடவையாகப் பார்ப்பதாகச் சொன்னார். அவர் வரச் சொன்னதால் மணிமாறனும் பலகை அடித்த வேர்வையோடு ஓடி வந்து ஓரமாக நின்றான்.

அதிகாரி சின்ன மீசை வைத்த, சிரிக்காத மனிதர். ஐயப்பனின் வலது கட்டைவிரலைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். சிவப்பு. ஆட்காட்டி விரலும் சிவப்பு. ஸ்வாதி வெந்நீரில் பஞ்சை நனைத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள், ஆமிரா தன் பையிலிருந்து கை கிரீமை எடுத்துத் தடவினாள். கிரீம் கண்ணாடியில் வழுக்கியது. ஒன்பது விரலும் சிவப்பு. இருபது வருடம் சுவர்களை வழவழப்பாக்கியவரின் விரல்களும் சுவர்போலவே வழவழப்பாகிவிட்டிருந்தன. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அத்தனை சங்கமும் அத்தனை அலுவலகமும் கொடுத்த வரத்தை இந்த உள்ளங்கை அளவு பெட்டி தர மாட்டேன் என்றது.

“மாஃபி,” என்றார் அதிகாரி. இல்லை. அடுத்த வாரம் பெரிய மெஷினுக்கு எழுதிக் கேட்கலாம் என்று பெட்டியை மூடப் போனார். அடுத்த வாரத்துக்குள் வியாழக்கிழமை விமானம் போயிருக்கும். ஆமிரா சுவரைப் பார்த்து நின்றாள். அலாவுதீன் போனில் ஷியாமளாவுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் விரலைத் தூக்கியபடி இருந்தார்.

மணிமாறன் வாயைத் திறந்தான். குரூப்பில் இதுவரை ஒரு வரி எழுதாதவன், இந்த வார்டில் அவனாகப் பேசியதும் அதுதான் முதல் தடவை.

“பாய், ஒரு நிமிசம் இருக்கச் சொல்லுங்க. சைட்டுல நாங்க செய்யற மாதிரி செஞ்சு பாக்குறேன்.”

“என்னடா செய்வீங்க?”

“காலையில பஞ்ச் மெஷின் விரலை எடுக்காது பாய். தண்ணி, எண்ணெய் எதுவும் ஆவாது. நெத்தியில தேய்க்கணும். நெத்தி வேர்வையில ஒரு பிசுக்கு இருக்கு, அதுக்குத்தான் எடுக்கும்.”

அலாவுதீன் மொழிபெயர்த்தார். அதிகாரி புருவத்தைத் தூக்கினார், ஆனால் பெட்டியை மூடவில்லை. மணிமாறன் ஐயப்பனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். எட்டு நாள் ஏசியில் கிடந்த நெற்றி, காய்ந்த இலை மாதிரி இருந்தது. ஒரு கணம் யோசித்தான். பிறகு கட்டிலோரம் மண்டிபோட்டு உட்கார்ந்து, அவர் இடது கையைத் தூக்கி, சின்ன விரல்தானே என்று அதுவரை யாரும் வைத்துப் பார்க்காத அந்தச் சுண்டுவிரலைத் தன் நெற்றியில் வைத்துத் தேய்த்தான். காலையிலிருந்து தம்மாம் வெயிலில் வெந்த நெற்றி அது.

“கொத்தனாருக்குச் சுண்டுவிரலு மட்டும்தான் பாய் சிமெண்ட்டுல அதிகம் படாது,” என்றான், தேய்த்தபடியே. “அதுவும் எடது கை.”

விரலைக் கண்ணாடியில் மெல்ல வைத்தான். அழுத்தவில்லை, வைத்தான். பெட்டி கொஞ்சம் யோசித்தது.

பச்சை.

திரையில் அரபியில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி, அதற்குப் பக்கத்தில் ஒரு படம். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஐயப்பன். கறுகறுவென்று மீசை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, புதுச் சட்டை, கேமராவைப் பார்த்து லேசான மிரட்சி. எல்லாரும் அந்தப் படத்தையும் கட்டிலில் கிடந்தவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சிரிக்காத அதிகாரி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “சுப்ஹானல்லாஹ்,” என்று மெதுவாக இறைவனைப் புகழ்ந்தார். ஆமிரா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அதிகாரி திரையை ஐயப்பனின் கண்ணுக்கு நேராகத் திருப்பிப் பிடித்தார். ஐயப்பன் தன்னையே வெகுநேரம் பார்த்தார். நாலு வருடமாக எந்தக் கவுண்டரிலும் சொல்லப் பயந்த பெயர், அவர் கண் முன்னால் வெளிச்சமாக நின்றது.

ஸ்வாதி அவர் மணிக்கட்டில் இருந்த பட்டையைக் கத்தரித்துவிட்டுப் புதியது கட்டினாள். கத்தரித்ததை மணிமாறனிடம் நீட்டினாள். “உங்க பேரு. இனி பத்திரமா வச்சுக்கிடுங்க,” என்றாள். அவன் அதை வாங்கிப் பர்ஸுக்குள் வைத்தான்.

இரண்டே நாளில் மற்றதெல்லாம் நடந்தது. ரியாத்திலிருந்து பயணச் சான்று வந்தது. ஹுரூப் நீங்கியதும் குடியேற்ற அலுவலகம் நாட்டை விட்டுப் போகக் கடைசி வெளியேற்ற முத்திரை போட்டது. சென்னை விமான நிலையத்தில் ஆம்புலன்ஸ் நிற்கும் என்று தமிழ்நாட்டிலிருந்து செய்தி வந்தது. ஷியாமளா நாலு நாளாகச் சமைக்கவில்லை, பத்மநாபன்தான் தோசை வார்க்கிறார் என்று அலாவுதீன் ரகசியமாகச் சொன்னார்.

வியாழக்கிழமை மதியம் விமான நிலைய வாசலில் ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்தது. மணிமாறன் அதற்கு மேல் உள்ளே போக முடியாது. அலாவுதீனுக்கு ஒரே கவலை அரித்துக்கொண்டிருந்தது. உள்ளே எமிகிரேஷனில் இன்னொரு தடவை விரல் வைக்க வேண்டும். மெஷின் திரும்பவும் சிவப்பைக் காட்டினால்?

ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். மணிமாறன் குனிந்து, “போய்ட்டு வாங்கண்ணே, அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க,” என்றான். பேச முடியாதவரிடம் சொல்லச் சொல்கிறோமே என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். ஐயப்பன் அதற்குக் கோபப்படவில்லை. போர்வைக்குள்ளிருந்து இடது கையை வெளியே எடுத்தார். அது மெதுவாக மேலே வந்தது. ஸ்வாதி தாங்கப் போனாள், அவர் தலையை அசைத்து வேண்டாம் என்றார். சுண்டுவிரலை மட்டும் நீட்டி, மணிமாறனின் நெற்றியில் வைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தேய்த்தார். ஒரு தடவை, இன்னொரு தடவை. பிறகு அந்த விரல் எதன்மீதும் பட்டுவிடாமல் மார்புக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டார். அப்படியே அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

மணிமாறன் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அழுதான். நல்ல சத்தமாகவே அழுதான். அலாவுதீன் அவனைத் தேற்றவில்லை, அவரும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரத்தில் குரூப்பில் ஸ்வாதி எழுதினாள்: “எமிகிரேஷன் ஒரே தடவையில பச்சை. கலாஸ். அடுத்து சென்னை.”

மறுநாள் வெள்ளிக்கிழமை ஓவர்டைம், சைட்டில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஷியாமளாவின் செய்தி வந்தது. உமாராணி சென்னையில் கையெழுத்துப் போட்டு அவரைப் பெற்றுக்கொண்டுவிட்டாள். ‘ஐயப்பன்’ என்று கூப்பிட்ட ஆம்புலன்ஸ்காரரிடம், ‘ஆமாங்க, எங்க வூட்டுக்காரருதான்’ என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் அழுதாளாம். அதற்குக் கீழே ஷியாமளா இப்படி எழுதியிருந்தாள்: “மணிமாறன், ஆரம்பிச்சது நீங்க. முடிக்க வேண்டியதும் நீங்கதான்.”

அவன் உடனே நாகவள்ளியைக் கூப்பிட்டு, “அழுவை சேர வேண்டிய எடத்துல சேந்துடுச்சு,” என்றான். அவள் மூக்கை உறிஞ்சினாள்.

அதற்குள் போன் பூட்டிக்கொண்டுவிட்டது. திறக்கக் கட்டைவிரலை வைத்தான், எடுக்கவில்லை. பலகையிலும் சிமெண்ட்டிலும் பதினாலு வருடம் தேய்ந்த விரல். இன்னொரு தடவை வைத்தான், அப்போதும் எடுக்கவில்லை. சுற்றிலும் முப்பது பேர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மணிமாறன் அந்த விரலை, நேற்று ஐயப்பன் தேய்த்த அதே இடத்தில், நெற்றியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தேய்த்தான். போன் திறந்தது. குரூப்பில் முதல் தடவையாக எழுதினான்.

“கலாஸ்.”